தவளை, தேரைகளின் விந்தணு: வளர்ச்சியும் அமைப்பும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், ஹைதராபாத்தில் லாலாகுடா போன்ற பழைய ரயில்வே குடியிருப்புப் பகுதிகளில்கூட, நீர் தேங்கிய பள்ளங்களில் தேரைகள் கத்துவதைக் கேட்கலாம். ஆண் தேரை பெண்ணின் முதுகைப் பற்றிக் கொள்ள, முட்டைகள் நீண்ட சரமாக நீரில் வெளிவருகின்றன. கருவுறுதல் உடலுக்கு வெளியே நிகழ்கிறது. இவற்றின் விந்தணு அமைப்பை ஆராயும்போது இவ்வொரு செய்தியை மறவாதிருத்தல் வேண்டும்.

விந்தகங்கள் சிறுநீரகங்களை ஒட்டி அமைந்துள்ளன. அவற்றின் நுண்குழல்களில் செர்டோலி செல்கள் சூழ்ந்த சிற்றறைகள் உள்ளன. ஒரு சிற்றறையிலுள்ள விந்துத் தாயணுக்கள் யாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பகுப்படைந்து வளர்கின்றன. பாலூட்டிகளில் இத்தகைய சிற்றறை அமைப்பு இல்லை. குன்றல் பகுப்பினால் குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகிறது. ஒரு முதல்நிலை விந்துச் செல்லிலிருந்து நான்கு ஸ்பெர்மாட்டிடுகள் தோன்றுகின்றன. இவை பின்னர்ப் பகுப்படைவதில்லை; உருமாறுகின்றன. உட்கரு நீண்டு இறுகுகிறது, சைட்டோபிளாசத்தின் பெரும்பகுதி கழிகிறது, வால் வளர்கிறது. முதிர்ந்த விந்தணுக்கள் தலைகளைச் செர்டோலி செல்லில் பதித்துக் கற்றைகளாக நிற்கின்றன.

தலையின் முனையில் அக்ரோசோமும், அதன் பின்னே உட்கருவும் உள்ளன. வாலின் அச்சிழையில் ஒன்பது இரட்டை நுண்குழல்களும் நடுவே இரண்டும் அமைந்துள்ளன. தேரையில் இவ்விழையையும் அதற்கு இணையான அச்சுக்கோலையும் மெல்லிய அலைச்சவ்வு ஒன்று இணைக்கிறது. ராணா இனத் தவளைகள் பலவற்றில் இச்சவ்வு இல்லை. மாணவர்கள் தவளைப் படத்தை வரைந்து தேரை என்று பெயரிடுவது பிழை என்பதற்கு இதுவே போதிய சான்று.

விந்தகத்தினுள் விந்தணு அசைவதில்லை. உப்புச்செறிவு குறைந்த நன்னீரில் விழுந்ததும் அது இயங்கத் தொடங்குகிறது. சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்தில் அதற்கு வேறு பாதுகாப்பு இல்லை. குளத்தில் கலந்த கழிவு நேரே அதனைத் தொடுகிறது.

விந்தணுக்களை விடுவிக்கும் ஆணை பிட்யூட்டரி ஹார்மோனிலிருந்து வருகிறது. கருவுற்ற பெண்ணின் சிறுநீரிலுள்ள ஹார்மோனும் அவ்வாறே செயற்படும். அர்ஜென்டினாவின் கல்லி மைனினி 1947-இல் இதனைக் கர்ப்பச் சோதனையாக்கினார்: அச்சிறுநீரை ஆண் தேரைக்குச் செலுத்தினால், சில மணி நேரத்தில் அதன் சிறுநீரில் விந்தணுக்கள் தென்படும். சோதனை வழக்கொழிந்தது, வழிமுறை நிலைத்தது. இன்று அருகிவரும் இனங்களின் ஆண்களைக் கொல்லாமலே விந்தணு பெற அதே ஹார்மோன் உதவுகிறது.

லாலாகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், உப்பல் சாலையில் உள்ளது செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம். அது அத்தாப்பூரில் நடத்தும் அருகிவரும் உயிரினப் பாதுகாப்பு ஆய்வகம், வனவிலங்குகளின் இனச்செல்களையும் திசுக்களையும் உறைநிலையில் காக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. தவளையின் விந்தணுவை இவ்வாறு உறையவைத்து மீட்க இயலும். மஞ்சள்கரு நிறைந்த பெரிய முட்டையை அவ்வாறு காத்தல் இன்னும் கைகூடவில்லை. அதற்கு உயிருள்ள பெண் தவளையும் அது முட்டையிடத் தக்க நீரும் வேண்டும்.