பால்மரம் சொல்லும் எழுத்துப் பாடம்

மாணவர்களே, உங்கள் தாத்தாவோ பாட்டியோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களா? அப்படியானால் அவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஏன் விடியும் முன்பே வேலைக்குப் போனீர்கள்? ஏன் ஒரே மரத்தைத் தினமும் வெட்டவில்லை?

முதல் கேள்விக்கான விடை உயிரியலில் இருக்கிறது. இரவில் இலைகளில் நீராவிப்போக்கு மிகக் குறைவு. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கும். வெட்டியதும் பால் நன்றாக வழியும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், மங்கில் சேரும் பாலும் குறையும்.

இன்று நமக்கு வேண்டியது இரண்டாவது கேள்விதான். வழிந்துபோன பாலை மரம் மறுபடியும் தயாரிக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். எனவே பல தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினார்கள். அளவுக்கு மீறி வெட்டினால், வெட்டிய பட்டை வறண்டு, பாலே வராமல் போகலாம்.

சிறுகதைப் போட்டி வந்தால் இரவு ஒரு மணி வரை விழித்திருந்து, ஒரு வரியும் வராமல், ‘எனக்குக் கற்பனையே இல்லை’ என்று முடிவு கட்டும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெரும்பாலும் குறை கற்பனையில் இல்லை, ஓய்வில்தான். (மூளை ஒன்றும் மரமல்ல. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்காதீர்கள்!)

எழுத்து பிறவி வரம் என்பதையும் நான் ஏற்பதில்லை. 1950ஆம் ஆண்டிலேயே தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பயிற்சியால் வரக்கூடியது என்பதால்தானே வகுப்பு? அந்தப் பயிற்சிக்கு உடலும் ஒத்துழைக்க வேண்டும்.

முதலில் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பகலில் கண்டதையும் கேட்டதையும் மூளை நினைவில் உறுதிப்படுத்துவது தூக்கத்தில்தான். பாட்டி சொன்ன தோட்டத்துக் கதையும் அதில் அடங்கும்.

அடுத்தது நடை. 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரிலி ஒப்பெஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட, நடந்தபோது புதுமையான யோசனைகள் சராசரியாக 60 விழுக்காடு கூடுதலாகத் தோன்றின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆகவே ஈப்போ டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. வீட்டைச் சுற்றி நடந்தாலும் சரி. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடும் பணியில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். இதை விட்டுவிடாதீர்கள். கதைக்கரு தேட நடங்கள். எழுத்துப்பிழை திருத்த உட்காருங்கள்.

எழுதுவது மனத்துக்கும் நல்லதா? 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு உடனே மனம் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைந்தது. பிந்திய ஆய்வுகளில் இந்தப் பலன் சிறிதாகவே தெரிகிறது. வேதனை பெரிதாக இருந்தால் நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்தாமல், பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள்.

இனி, ஒரு சோதனை. வகுப்பை இரு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு 4 நிமிடம் உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லட்டும். பிறகு 4 நிமிடம் நடந்தபடி, பழைய டயருக்குப் பயன்களைச் சொல்லட்டும். நண்பர் ஒருவர் குறித்துக்கொள்ளலாம். மற்றக் குழு முதலில் நடக்கட்டும், பிறகு உட்காரட்டும். பொருள்களின் வரிசை மாறக்கூடாது. வேறு யாருக்கும் தோன்றாத பயன்களை மட்டும் எண்ணுங்கள். தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்று அறிக்கையில் எழுதுங்கள். இரண்டாவது குழு ஏன் வரிசையை மாற்றிச் செய்கிறது என்பதற்கும் காரணம் எழுதுங்கள்.