முக்கோணங்கள் சொல்லும் செய்தி

கணிதம் என்றவுடன் அதைச் சூத்திரக் காடு என்றெண்ணி ஒதுங்குவோர் நம்மில் பலர். ஆயினும் அக்காட்டினுள் செல்லும் தடங்களில் சில, நாம் நாள்தோறும் காணும் மலைகளிலிருந்தே புறப்படுகின்றன. ஒரு பரப்பை முக்கோணங்களாகப் பகுத்து, அவற்றை எண்ணியே அப்பரப்பின் முழு வடிவத்தையும் அறிய முடியுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே என் நோக்கம்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இடையே பாலக்காட்டுக் கணவாய். இத்தகைய நாட்டைச் சங்கிலி பிடித்து அளப்பதென்றால் மலையும் காடும் இடங்கொடா. ஆகவே நில அளவையாளர் வேறொரு வழியைக் கையாண்டனர். சமநிலத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டும் நுட்பமாக அளந்துகொள்வர். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணம் முழுவதும் தெரிந்துவிடும். பின்னர் அதன் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் மற்றொன்று. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் இவ்வாறு தொடங்கிய பணி, அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியுடன் தென்னாடெங்கும் பரவியது. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படைத்துறையினர் திருவாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர். இன்றைய இடுக்கி மலைகள் அன்று திருவாங்கூரைச் சேர்ந்தவை; பாலக்காட்டுச் சித்தூர் கொச்சியைச் சேர்ந்தது.

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்று பள்ளியில் படித்தோம். தட்டையான தாளில் அது மெய். உருண்டையான பூமியில் அன்று. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு இரு கோடுகள் இறக்குங்கள். அவ்விரண்டுக்கும் இடையே துருவத்தில் 90 பாகை இருக்கட்டும். நிலநடுக்கோட்டை அவை தொடும் இடங்களிலும் செங்கோணமே உண்டாகும். ஆக, கூட்டுத்தொகை 270. இதில் 90 பாகை மிகை. இத்தகைய முக்கோணங்கள் எட்டு சேர்ந்தால் பூமி முழுவதும் மூடப்படும். மொத்த மிகை 720 பாகை.

உருண்டையில் மிகையும் பரப்பும் ஒரே விகிதத்தில் வளரும். பூமியின் பரப்பு ஏறத்தாழ 51 கோடி சதுர கிலோமீட்டர். ஒரு பாகையை 3,600 கூறிட்டால் ஒரு கூறு விகலை எனப்படும். கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை மிகை வருகிறது. இனி, பாலக்காட்டுக் கோட்டை, இடுக்கி மாவட்டத்து ஆனைமுடி, நீலகிரியின் தொட்டபெட்டா ஆகிய மூன்றையும் மனத்தால் இணையுங்கள். அம்முக்கோணத்தின் பரப்பு சுமார் 1,800 சதுர கிலோமீட்டர். மிகை சுமார் 9 விகலை. இது அற்பமன்றோ என்று தோன்றலாம். கோணத்தில் 9 விகலை பிசகினால், கோட்டையிலிருந்து ஆனைமுடி வரையுள்ள சுமார் 80 கிலோமீட்டரில் குறி மூன்றரை மீட்டர் விலகிவிடும். முக்கோணத்தின்மேல் முக்கோணம் அடுக்கும் பணியில் இது பொறுக்கத்தக்கதன்று.

720 என்னும் எண் எங்கிருந்து வந்தது? எட்டு முக்கோணங்களாகப் பகுத்ததாலா? அன்று. எப்படிப் பகுத்தாலும் அதுவே வரும். ஒரு பரப்பு முழுவதையும் முக்கோணங்களால் மூடுவோம். பக்கங்கள் அப்பரப்பின்மீது இயன்ற அளவு நேராகச் செல்லும் கோடுகளாக இருக்கட்டும். முனைகள் மு, விளிம்புகள் வி, முக்கோணங்கள் கோ என்க. ஒவ்வொரு முனையைச் சுற்றியும் 360 பாகை. ஆக எல்லாக் கோணங்களின் கூட்டுத்தொகை 360 மு. தட்டையாயிருந்தால் இருக்கவேண்டியது 180 கோ. எனவே,

மிகை = 360 மு − 180 கோ.

முக்கோணம் ஒன்றுக்கு மூன்று விளிம்புகள். ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முக்கோணங்களுக்குப் பொது. ஆதலால் 3 கோ = 2 வி; அதாவது கோ = 2 வி − 2 கோ. இதை மேலே இட்டால்,

மிகை = 360 (மு − வி + கோ).

அடைப்புக்குள் இருப்பது ஆய்லர் 1750இல் கண்ட எண். நான்முகியில் 4 − 6 + 4 = 2; எண்முகியில் 6 − 12 + 8 = 2. உருண்டையை எவ்வாறு பகுப்பினும் 2 தான். 2 × 360 = 720. கோடுகளை இடுவது நம் விருப்பம். கிடைக்கும் எண்ணோ உருவத்தின் இயல்பு. குன்றின்மேல் நின்று கோணம் அளந்தவரும், அறைக்குள் அமர்ந்து முனைகளை எண்ணியவரும் ஒரே உண்மையைத்தான் இரு புறமிருந்து கண்டனர்.

உருண்டையை அமுக்கினால் இட்லியாகும். எண் 2 மாறாது. உளுந்து வடையோ துளையுடையது. அதன் மேற்பரப்பை ஏழே முனைகளால் முக்கோணங்களாக்கலாம். விளிம்புகள் 21, முக்கோணங்கள் 14. ஆக 7 − 21 + 14 = 0. வடையின் வெளிப்புறத்தில் மிகை இருந்தால் துளைப்புறத்தில் அதே அளவு குறை இருக்கும், மொத்தம் சுழியம். இவ்வாறு மிகக் குறைந்த முனைகளைக் கொண்டு வடிவங்களை ஆக்கும் ஆராய்ச்சியில் நம் நாட்டின் பாஸ்கர் பாக்சி, பாசுதேப் தத்தா ஆகியோர் குறிப்பிடத்தக்க பணி செய்துள்ளனர்.

எல்லா வெளிகளையும் இப்படிப் பகுக்க முடியுமா? அருகில் நின்று பார்த்தால் சாதாரண வெளி போலவே தோன்றி, முழுமையில் வேறு வடிவம் கொள்ளும் வெளியைப் பன்மடிவெளி என்போம். இரு பரிமாணத்தில் முடியும் என 1925இல் ராடோ நிறுவினார். முப்பரிமாணத்தில் 1952இல் மொயீஸ் நிறுவினார். அங்கே முக்கோணத்துக்குப் பதிலாக நான்முகி. மடிப்பும் முறிவும் இல்லாத வழவழப்பான வெளி எதுவாயினும், எத்தனை பரிமாணமாயினும், பகுக்க இயலும் என்பது 1940க்குள் தெளிவாயிற்று. ஆனால் வழவழப்பற்றவையும் உண்டு. 1982இல் பிரீட்மன் அமைத்த நாற்பரிமாண வெளி ஒன்றைப் பகுக்கவே இயலாதெனக் காசன் காட்டினார். ஐந்து முதல் மேலுள்ள ஒவ்வொரு பரிமாணத்திலும் அத்தகைய வெளிகள் உண்டென 2013இல் மனோலெஸ்கு நிறுவினார். அளவையாளரின் முறை நம் பூமியில் பொய்க்காது. ஆயினும் எண்ணிப் பிடிக்கமுடியாத வெளிகளும் இருக்கின்றன என்பதை அறியவும் கணிதமே வேண்டியிருந்தது.

நண்பர்களுக்கு ஒரு பயிற்சி. மேற்சொன்னபடி பகுத்த இரண்டு வடைப்பரப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு முக்கோணத்தை நீக்கி, அந்த ஓரங்களை ஒன்றோடொன்று ஒட்டுங்கள். முனைகள் 11, விளிம்புகள் 39, முக்கோணங்கள் 26 என வருகிறதா பாருங்கள். ஆய்லர் எண் −2. அப்படியானால் மூன்று வடைகளை ஒட்டினால் என்ன வரும்?