சிங்ககட் போவோம்

புனே நகரில் கோந்த்வா ஒரு பெரிய பகுதி. அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அப்பா கொத்தனார். அம்மா வீட்டு வேலை செய்கிறார். மகள் மராத்திப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா மாலை வகுப்பில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சிங்ககட் கோட்டைக்குக் கிளம்பினார்கள். அம்மா புளிச்சோறு கட்டினார். குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொண்டார்.

சுவார்கேட்டில் பஸ் மாறினார்கள். புனேயிலிருந்து கோட்டை சுமார் 30 கிலோமீட்டர். மலையடியில் இறங்கி நடந்தார்கள். பாதை செங்குத்தாக இருந்தது. நின்று நின்று ஏறினார்கள். மேலே போக இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"இந்தக் கோட்டை கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரம் அம்மா" என்றாள் மகள். பள்ளியில் படித்த கதையையும் சொன்னாள்.

கோட்டையின் பழைய பெயர் கொண்டாணா. 1670-ஆம் ஆண்டு சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே வீரர்களோடு இரவில் பாறை மீது ஏறினார். சண்டையில் தானாஜி இறந்தார். ஆனால் அவருடைய வீரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள்.

மேலே குளிர்ந்த காற்று வீசியது. சிறு கடைகளில் பாக்ரி ரொட்டியும், கடலைமாவில் செய்த பிட்லாவும் விற்றார்கள். மண்சட்டித் தயிர் வாங்கி மூவரும் சாப்பிட்டார்கள்.

திரும்பும் வழியில் கடக்வாஸ்லா அணையில் இறங்கினார்கள். புனே மக்கள் குடிக்கும் தண்ணீர் இங்கிருந்து வருகிறது. 1961 ஜூலை 12-ஆம் நாள் பான்ஷெத் அணை உடைந்தது. அந்த வெள்ளத்தில் இந்த அணையும் உடைந்தது. புனே நகருக்குள் வெள்ளம் புகுந்தது. பிறகு அணையை மீண்டும் கட்டினார்கள்.

வெயில் சுட்டது. அப்பா சட்டையைக் கழற்றினார்.

"ஒரு முழுக்குப் போட்டுட்டு வர்றேன்" என்றார்.

கரையில் ஒரு பலகை இருந்தது. முன்பென்றால் அம்மா அதைப் பார்த்திருக்கவே மாட்டார். இப்போது எழுத்தைக் கண்டால் கண் நிற்கிறது. ஆனால் அது மராத்தி.

"கண்ணு, அதுல என்ன எழுதியிருக்கு? படி" என்றார்.

மகள் படித்தாள்: "தண்ணீரில் இறங்காதீர்கள். உயிருக்கு ஆபத்து."

"நான் ஊர்க் கிணத்துல நீந்தினவன்" என்றார் அப்பா.

"கிணறு வேறங்க, அணை வேற. அடியில சேறு இருக்கும். திடீர்னு பள்ளம் வரும். கால் மாட்டினா யார் தூக்குறது?" என்றார் அம்மா.

அப்பா தண்ணீரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

அன்று இரவு அம்மா சிலேட்டை எடுத்தார்.

"எனக்கு மராத்தி எழுத்தும் சொல்லிக் கொடு கண்ணு" என்றார்.

படித்துப் பழகுவோம்:
கோட்டை, பாறை, அணை, பலகை, ஆபத்து

பேசுவோம்:
1. மலை ஏறப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
2. அப்பா ஏன் தண்ணீரில் இறங்கவில்லை?
3. உங்கள் ஊரில் எங்கெங்கே எச்சரிக்கைப் பலகை இருக்கிறது? அதில் உள்ளதை எழுதி வாருங்கள்.