முனகும் கிரைண்டரை எடைக்குப் போடலாமா?

கேள்வி: மாமியார் காலத்து கிரைண்டர், தரையில் நிற்கும் பழைய மாடல். இரண்டு வாரமாக சுவிட்ச் போட்டால் முனகுகிறதே தவிர கல் சுற்றுவதில்லை. கையால் ஒரு தள்ளு தள்ளினால் ஓடுகிறது. ஈரக்கையோடு தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. பாண்டி பஜாரில் ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு 800 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்க மனசில்லை. நானே சரிசெய்ய முடியுமா?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். தள்ளினால் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, எழுந்து ஓடத்தான் தெம்பில்லை. ஆனால் இனிமேல் தள்ளாதீர்கள். முதலில் ஷாக்கைப் பார்ப்போம்.

பிளக்கைப் பிடுங்கித் திறந்து, பச்சை ஒயர் பெரிய பின்னில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் சமையலறை சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டைக்கு எர்த்தே வந்திருக்காது. நானே பார்த்திருக்கிறேன். சாக்கெட்டையும் மோட்டாரில் கசிவு இருக்கிறதா என்பதையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் பார்க்கவேண்டும். கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போடச் சொல்லுங்கள். அது முடியும்வரை கிரைண்டரைத் தொடவேண்டாம்.

மற்றதை நீங்களே செய்யலாம். பிளக் வெளியே இருக்கட்டும். பின்மூடியைக் கழற்றி, பெல்ட்டை எடுத்துவிட்டு, மோட்டார் புல்லியைக் கையால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் பேரிங் நன்றாக இருக்கிறது, பெரும்பாலும் கண்டென்சர்தான் போயிருக்கும். மோட்டாரை ஒட்டி விரல் நீளத்தில் இருக்கும் உருளை அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கும். ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் வைத்து வடியவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். மேலே அச்சிட்டிருக்கும் மைக்ரோபாரட், வோல்ட் எண்களைக் குறித்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனால் கிடைக்கும். அதே மைக்ரோபாரட்தான் வாங்கவேண்டும். எங்கள் வீட்டு கிரைண்டருக்கு ஒரு மெக்கானிக், "பெரிசு போட்டா நல்லா இழுக்கும்" என்று மாற்றிப் போட்டு, ஒரே மாதத்தில் வைண்டிங் கருகிவிட்டது.

கண்டென்சர் மாற்றியும் முனகினால், மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சின் முனை கருகியிருக்கலாம். நல்லபடி ஓடிய நாளில், அணைத்ததும் வேகம் குறையும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்குமே, அது இந்த சுவிட்ச்தான். எல்லா மோட்டாரிலும் இது இருக்காது. இருந்தால் வைண்டிங் கடையில் சரிசெய்து தருவார்கள்.

புல்லி கரகரத்தால் பேரிங். அதன் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ. எந்தக் கம்பெனியானாலும், உலகத்தில் எங்கே வாங்கினாலும் அளவு அதேதான். பெல்ட்டுக்கும் இப்படி எண் உண்டு. உங்கள் மெஷினைச் செய்த கம்பெனியே இன்று இல்லாமல் போயிருந்தாலும் பாகம் கிடைக்கும். கொடுக்காதீர்கள் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். புது பெல்ட் போட்டால் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் இறங்கினால் சரி.

இனி கல். கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955இல் இந்த மெஷினைக் கொண்டுவந்தார். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதற்குப் பெயர் வாங்கித் தந்தது கருங்கல். கல்லில் விரிசல் விட்டாலோ, டிரம் ஓட்டையானாலோ மெஷினை விட்டுவிடலாம். வெறுமனே வழவழப்பாகிவிட்டது என்றால் கொத்தினால் போதும். "அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா" என்று கூவிக்கொண்டு மாட வீதிகளில் வந்தவர்களை இப்போது தேடித்தான் பிடிக்கவேண்டும். கிடைத்தால் விடாதீர்கள்.

கொத்திய கல்லைத் தேய்த்துக் கழுவி, இரண்டு பிடி பச்சரிசி போட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள். மாவில் கல்பொடி நெருடாமல் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். அதற்கப்புறம் உளுந்தைப் போடலாம்.