சோழவரத்தில் யார் கடைசியாக பிரேக் பிடித்தார்?



போன செமஸ்டர் நம்ம பாஜா டீம் வண்டி பிரேக் டெஸ்ட்டில் ஃபெயில் ஆன கதை உங்களில் பலருக்குத் தெரியும். விதி ரொம்ப சிம்பிள். வண்டி வேகமெடுத்து வந்து பிரேக்கை மிதித்தால் நாலு சக்கரமும் லாக் ஆகணும். எங்க வண்டியில் முன் சக்கரம் ரெண்டும் நின்றது, பின் சக்கரம் ஜாலியாக உருண்டது. ஆறு மாசம் இன்ஜினையும் சேஸிஸையும் பற்றியே பேசிவிட்டு, பிரேக் லைனைக் கடைசி வாரத்தில் மாட்டியதன் பலன்!

அன்று ராத்திரி கே.ஜி.கண்டிகையில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "சோழவரத்துல ரேஸ் பார்த்த எவனும் பிரேக்கைக் கடைசியில வைக்க மாட்டான்டா" என்றார்.

"சோழவரத்துல ரேஸா? அங்க ஏரிதானே இருக்கு?" என்று கேட்டேன். நீங்களும் அதையேதான் கேட்டிருப்பீங்க. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம்ம மாவட்டத்தில் ஒரு ரேஸ் டிராக்

சோழவரம் நம்ம திருவள்ளூர் மாவட்டம்தான். செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்த பிறகு, 1950களில் அந்த ஓடுதளம் ரேஸ் மைதானமாக மாறியது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அதை நடத்தியது. நம்ம திருத்தணி ஆந்திராவிலிருந்து மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்ததே 1960இல்தான். அதற்கு முன்பே சோழவரத்தில் வண்டிகள் பறந்துகொண்டிருந்தன என்று யோசித்துப் பாருங்க. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகு, ரேஸ் அங்கே போய்விட்டது.

சோழவரத்தில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களும் ஓடின. ஆனால் கூட்டம் சொந்தம் கொண்டாடியது ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு மாதிரியான வண்டிகளைத்தான். பெரியப்பா சொல்வது: "டாக்ஸி ஸ்டாண்டுல நிக்கிற அதே ஃபியட்டு. அது இந்தச் சத்தம் போடும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

ஷோரூமில் விற்கும் காரையே ரேஸ் ஓட்டுவதை அமெரிக்காவில் 'ஸ்டாக் கார் ரேஸ்' என்பார்கள். 1948இல் அங்கே நாஸ்கார் அமைப்பு உருவானது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் அவர்களுடைய முதல் ஸ்டாக் கார் போட்டி நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. ஆனால் சோதனையில் அவருடைய ஃபோர்டு காரின் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் செய்யும் வேலை அது. டிக்கியில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் இறங்காது, வளைவில் வண்டி சாய்வதும் குறையும். டன்னவேயைத் தகுதி நீக்கம் செய்துவிட்டு, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பரை வெற்றியாளர் என்று அறிவித்தார்கள். ஒரு ஸ்பிரிங் ரேஸ் முடிவையே மாற்றிவிட்டது பாருங்க!

வைக்கோல் கட்டும் நியூட்டனும்

பெரியப்பா 80களில் நண்பர்களோடு திருவள்ளூர் வழியாக பஸ் மாறி மாறி சோழவரம் போவாராம். கையில் புளிசோறு, தலையில் துண்டு. ஓடுதளத்துக்கு இயற்கையான வளைவு கிடையாது. வைக்கோல் கட்டுகளை அடுக்கித்தான் வளைவு உண்டாக்குவார்கள். இவர்கள் எப்பவும் அந்த வளைவு பக்கமாகத்தான் நிற்பார்களாம்.

"நேர் ரோட்டுல எல்லாரும் மிதிப்பான். வளைவுகிட்ட யாரு கடைசியா பிரேக் புடிக்கிறான்னுதான் பார்ப்போம். ஆனா நாலஞ்சு ரவுண்டு போச்சுன்னா, அதே ஆளு கொஞ்சம் முன்னாடியே புடிக்க ஆரம்பிச்சிடுவான். பயந்துட்டான்னு கத்துவோம்."

இப்போ நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உராய்வுக் கெழு 0.8, வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தின் வர்க்கம் = உராய்வுக் கெழு × புவியீர்ப்பு முடுக்கம் × ஆரம். அதாவது 0.8 × 9.81 × 20 = 157. வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு 12.5 மீட்டர், கிட்டத்தட்ட மணிக்கு 45 கி.மீ. அதற்கு மேல் போனால் வண்டி வைக்கோலுக்குள்தான்.

நேர் ரோட்டில் 120 கி.மீ. வேகத்தில் வருகிறவர் வளைவுக்கு முன் 45க்கு இறங்கியாக வேண்டும். வண்டியின் எடை 900 கிலோ என்றால், பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் சுமார் 430 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 335 கிலோஜூல் போதும். அப்படியென்றால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் பிரேக்குக்குள் இறங்குகிறது.

ஃபியட்டில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், மிதி இன்னும் ஆழமாக இறங்கும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். இதைத்தான் நாம் 'பிரேக் ஃபேட்' என்று படிக்கிறோம். பெரியப்பா கும்பல் யாரைப் பயந்தாங்கொள்ளி என்று கத்தினார்களோ, அவர் பெரும்பாலும் பயந்திருக்க மாட்டார். அவர் பிரேக் சூடாகியிருக்கும். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து இதை விளக்கியபோது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பாவம்டா அந்த ஆளு" என்றார்.

இதில் நமக்கு என்ன?

முதல் விஷயம், பழைய ரசிகர்கள் பேசுவதை வெறும் மலரும் நினைவு என்று விட்டுவிடாதீங்க. எந்த இடத்தில் பிரேக் பிடித்தார்கள், எத்தனை ரவுண்டுக்கு அப்புறம் இடம் மாறியது என்பதெல்லாம் சென்சார் இல்லாத காலத்து டேட்டா.

இரண்டாவது, இருந்த பார்ட்ஸை வைத்துத்தான் நம்மவர்கள் பெரிய வேலை செய்தார்கள். கோவை கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

மூன்றாவது, அந்தக் காலத்திலேயே ரேஸுக்கென்று தனி ஓடுதளத்தைத் தேடிப் போனார்கள். திருப்பதி ஹைவேயில் ராத்திரி பைக்கை முறுக்குகிற நண்பர்களே, அதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்க. 80இல் வண்டி நிற்கும் தூரத்தைப் போல 120இல் 2.25 மடங்கு வேண்டும். குறுக்கே வரும் மாட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

எங்க வண்டி என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. பின் பிரேக் லைனுக்குள் காற்று மாட்டியிருந்தது. பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கிவிடும். அதனால் மிதித்த அழுத்தம் பின் சக்கரத்துக்குப் போகவே இல்லை. இந்த முறை பிரேக்கிலிருந்துதான் வேலையை ஆரம்பித்திருக்கிறோம். போன வாரம் கிரவுண்டில் நாலு சக்கரமும் லாக் ஆனது. பெரியப்பா வைக்கோல் கட்டு பக்கத்தில் நிற்பது மாதிரியே ஓரமாக நின்று பார்த்தார்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்க வீட்டிலும், தெரு முனை மெக்கானிக் ஷெட்டிலும் கேட்டுப் பாருங்க: சோழவரம் போயிருக்கீங்களா? எந்த வண்டி ஓடுச்சு? எது முதல்ல பழுதாச்சு? பதிலை எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க. கணக்கை நாம சேர்ந்து போடுவோம்.