நத்தார் மர அலங்காரங்களைப் பத்திரப்படுத்த

கல்முனைக் கரையில் நத்தார் வருவதே வடகீழ்ப் பருவமழையோடுதான். ஜனவரி 6, திருக்காட்சி விழா முடிந்து மரத்தைக் கலைக்கும்போதும் காற்றில் ஈரமும் உப்பும் இருக்கும். அம்மம்மா வாங்கிய கண்ணாடி உருண்டையையும் பிள்ளை ஒட்டிய கடதாசி நட்சத்திரத்தையும் அன்றே பெட்டியில் அடைக்காதீர்கள். மழை விட்ட நாளில், நிழலில், மின்விசிறிக் காற்றில் உலரவிடுங்கள். வெயிலில் சாயம் வெளிறும்.

முதலில் கழற்ற வேண்டியது கம்பிக் கொக்கி. உப்புக் காற்றில் துருப்பிடித்து, கறையைப் பொருளிலும் ஏற்றிவிடும். பதிலுக்குப் பருத்தி நூல் கட்டுங்கள். சுற்றிவைக்கப் பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும். துவைத்துத் துவைத்து மெதுவான பழைய மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் போடலாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல். பூச்சி உருண்டை மட்டும் கூடாது. ரெஜிபோம் பொம்மைகளை இளக்கிவிடும்.

யார் செய்தது, எந்த வருடம் என்பதைப் பென்சிலால் எழுதிக் கட்டுங்கள். பேனா மை ஈரத்தில் கரையும்.

2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தபோது நத்தார் மரங்கள் கலைக்கப்படாமல்தான் நின்றன. ஆகவே பெட்டி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும்; ஒவ்வொன்றையும் படமெடுத்து வெளியூர் உறவுகளுக்கும் அனுப்பிவையுங்கள்.