கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு

சீனிக்கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றும் சொல்வார்கள். அதன் பெரிய எதிரி கூன்வண்டு. பார்க்க எறும்பு போல இருக்கும்.

இந்த வண்டால் மண்ணை ஆழமாகத் தோண்ட முடியாது. கிழங்கு பருக்கும்போது மண் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக வண்டு இறங்கும். கிழங்கில் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துத் தின்னும். கிழங்கு கசக்கும். வேகவைத்தாலும் கசப்புப் போகாது. அதை மாட்டுக்கும் போடக் கூடாது. அந்தக் கசப்பில் நஞ்சு உண்டு.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963இல் தொடங்கியது. இந்த வண்டை ஒழிக்கும் வழிகளை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற வழிகள் இவை:

1. வண்டு தாக்காத கொடியை நட வேண்டும்.

2. நட்டு இரண்டு மாதம் ஆனதும் மீண்டும் மண் அணைக்க வேண்டும். வெடிப்பு மூடும். வண்டுக்கு வழி அடைபடும்.

3. 50ஆம் நாள் முதல் 80ஆம் நாள் வரை, 10 நாளுக்கு ஒருமுறை கிழங்குத் துண்டுகளைச் செடிகளுக்கு இடையே வைக்க வேண்டும். வண்டுகள் வந்து மொய்க்கும். துண்டோடு எடுத்து எரிக்க வேண்டும்.

4. கிழங்கு விளைந்ததும் தோண்டிவிட வேண்டும். மிச்சக் கொடியையும் சொத்தைக் கிழங்கையும் தோட்டத்தில் விடக் கூடாது. அடுத்த பயிருக்கு வண்டு அங்கிருந்துதான் வரும்.

மருந்துச் செலவு இல்லை. மண்வெட்டியும் கவனமும் போதும்.

பதில் சொல்லுங்கள்:
மண் அணைத்தால் வண்டு ஏன் கிழங்கை அடைய முடியாது?
சொத்தைக் கிழங்கை மாட்டுக்குப் போடலாமா?